தொண்ணூற்றேழுக்கு அப்புறம்

என்னோடு ஏழாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஒரு கேள்வி. கணக்குப் புத்தகத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை கட்டம் போட்டு, மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் பகா எண்களை மட்டும் வட்டமிடச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? மொத்தம் இருபத்தைந்து வட்டம். கடைசி வட்டம் தொண்ணூற்றேழு. அத்தோடு பக்கம் முடிந்துவிடும். உங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாடமும் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு அது முடிய இருபது வருடம் ஆனது.

காரணம் ஒரே ஒரு எண். 2066489. இருபது லட்சத்து அறுபத்தாறாயிரத்து நானூற்று எண்பத்தொன்பது.

இதைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இது ஒற்றைப்படை எண். முழு வர்க்கம் இல்லை. 1437-இன் வர்க்கத்துக்கும் 1438-இன் வர்க்கத்துக்கும் நடுவில் நிற்கிறது. எந்த இரண்டு வர்க்கங்களைக் கூட்டினாலும் இது கிடைக்காது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தன்னைவிடக் குறைவாகத்தான் வரும், ஆகவே குறைவெண். இன்னொரு வகையும் உண்டு. ஓர் எண்ணின் இலக்கங்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வந்ததை மறுபடி அப்படியே செய்துகொண்டே போனால் சில எண்கள் கடைசியில் ஒன்றில் வந்து நிற்கும். அவற்றை மகிழ்ச்சியான எண்கள் என்பார்கள். 2066489 மகிழ்ச்சியான எண் இல்லை. நான்கு, பதினாறு, முப்பத்தேழு என்று ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பகா எண்ணா, பகு எண்ணா என்பதை மட்டும் இப்போது சொல்லமாட்டேன்.

பன்னிரண்டு வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அப்போது அது அம்மாவின் தேர்வு எண்.

நாங்கள் அப்போது மேல்பட்டாம்பாக்கத்தில் மாமா வீட்டு மாடியறையில் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கரும்பு பயிர் செய்பவர், சொந்தமாக ஒரு டிராக்டரும் டிரெய்லரும் வைத்திருந்தார். அப்பா கரும்பு லாரி ஓட்டியவர். விபத்தில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா கடலூரில் கணக்குப் பட்டப்படிப்பு சேர்ந்து, இரண்டாம் வருடத்தோடு கல்யாணத்துக்காக நின்றவர். அரசாங்க எழுத்தர் வேலைத் தேர்வுக்கு இரண்டு முறை விண்ணப்பம் போட்டிருந்தார். முதல் முறை அப்பா இறந்த மாதம், போகவில்லை. இரண்டாம் முறை கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், தலைவலி என்று திரும்பிவிட்டார். மூன்றாவதுதான் கடைசி. அதற்கப்புறம் வயது வரம்பு தாண்டிவிடும்.

அது கரும்பு அரவைக் காலம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை நோக்கிப் போகும் மாட்டு வண்டிகளும் டிராக்டர்களும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். பள்ளிக்கூட பஸ் அவற்றின் பின்னால் ஊர்ந்து போகும்போது நாம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கரும்பை உருவுவோமே, அதே காலம்தான். காற்றில் எப்போதும் பாகு கொதிக்கும் வாசனையும், அதற்கடியில் லேசாகப் புளித்த ஒரு வாசனையும் இருக்கும். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் ஆலைக் கரி பொட்டுப் பொட்டாக வந்து உட்காரும். அம்மா என் சீருடையை வீட்டுக்குள்தான் காயப் போடுவார்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் ஹால் டிக்கெட் தபாலில் வந்தது. தபால்காரர் மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் மாமா உறையின் முதுகில் பென்சிலால் கூட்டி முடித்திருந்தார்.

"எட்டும்மா" என்றார்.

"என்னா எட்டு?"

"ரெண்டும் ஆறும் எட்டு, இன்னொரு ஆறு பதினாலு, நாலு பதினெட்டு, எட்டு இருவத்தாறு, ஒம்பது முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு."

"அவுங்க வரிசையா போடுற நம்பருண்ணா. என் மூஞ்சியப் பாத்தா குடுத்தாங்க?"

"வரிசையிலதான் சரியா ஒனக்குன்னு எட்டு வந்து நிக்குது பாரு."

மாமாவின் டிராக்டர் எண்ணுக்குக் கூட்டுத்தொகை ஆறு. செல்போனுக்கு ஐந்து. மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்ட தேதி ஒன்று. எட்டு எங்கே வந்தாலும் ஒதுங்கிப் போகிற மனிதர். பஸ்ஸில் எட்டு வரும் டிக்கெட் கொடுத்தால் கண்டக்டரிடம் மாற்றிக் கேட்பார். கண்டக்டர்களும் பழகி, சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கிழித்துக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

"பாப்பா, ஒன் கையெழுத்து நல்லா இருக்கும். ஒரு மனு எழுது."

எழுதினேன். மடியில் அட்டையை வைத்துக்கொண்டு மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஐயா, மேற்படி தேர்வு எண்ணின் கூட்டுத்தொகை எட்டாக அமைந்துவிட்டபடியால், கருணை கூர்ந்து அதற்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு வரும்படியான வேறு எண்ணை ஒதுக்கித் தருமாறு...' மாமா அதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து, தேர்வு நடத்தும் அலுவலகத்துக்கே அனுப்பினார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது நியாயமான மனுவாகத்தான் பட்டது.

பதில் வரவில்லை. அம்மா படிப்பதும் நின்றுவிட்டது. தடித்த கைடு ஒன்று மாடியறை ஜன்னலில் இருக்கும். விகிதக் கணக்குப் பக்கத்தில் ஒரு தலைமுடி ஊசியைச் செருகியிருப்பார். வெள்ளிக்கிழமை ஊசி அதே பக்கத்தில் இருந்தது. சனி, ஞாயிறும் அதே பக்கம். நான் தினமும் பார்த்தேன். 'நம்பர்ல என்னா இருக்கு' என்று மாமாவிடம் சொன்ன அம்மா, ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் போகமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டுதான் காரணம் என்று நம்பினேன்.

அந்த வாரம்தான் பள்ளியில் அந்த இருபத்தைந்து வட்டம் நடந்திருந்தது. பகா எண்ணை ஒன்றும் அந்த எண்ணும் தவிர வேறு எதுவும் வகுக்க முடியாது என்று டீச்சர் சொன்னபோது, எனக்கு அது ஏதோ காவல் போட்ட வீடு மாதிரி இருந்தது. அம்மாவின் எண் பகா எண்ணாக இருந்துவிட்டால்? அப்போது எட்டு மட்டும் எப்படி உள்ளே வரும்?

மாமா வீட்டில் பழைய வெட்டு உத்தரவுச் சீட்டுகள் ஒரு கம்பியில் குத்தி மாட்டியிருக்கும். எந்த நாளில் கரும்பை வெட்டி ஆலைக்குக் கொண்டுவரலாம் என்று ஆலை கொடுக்கும் சீட்டு. மங்கிய ரோஸ் நிறம், முதுகுப் பக்கம் காலி, நடுவில் கம்பி குத்திய ஓட்டை. அதில் இருபத்தைந்தை உருவிக்கொண்டேன். ஒரு சீட்டுக்கு ஒரு பகா எண். பள்ளி விட்டு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து வகுப்பேன். ஏழால் வகுத்தால் ஐந்து மிச்சம். பதின்மூன்றுக்கு ஒன்பது. பதினேழுக்கு மூன்று. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் மிச்சத்தைச் சிவப்பு மையில் எழுதி வட்டமிட்டேன். எண்பத்தொன்பதுக்கு எண்பத்தேழு மிச்சம் வந்தபோது, இன்னும் இரண்டு இருந்திருந்தால் போயிருக்குமே என்று அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். கடைசியாகத் தொண்ணூற்றேழு. ஒன்று மிச்சம். ஒரே ஒன்று. மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒன்று அசையவில்லை.

புதன்கிழமை சாயந்திரம், கீழே காப்பி குடிக்கிற நேரத்தில் போய் நின்றேன்.

"மாமா, அம்மா நம்பரு பகா எண்."

"அப்படின்னா?"

"அத எதாலயும் வகுக்க முடியாது. ஒண்ணாலயும் அதாலயும் மட்டும்தான் முடியும். வேற எதுவும் தொட முடியாது."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "எட்டால வகுத்துப் பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணு மிச்சம் வருது."

"எட்டால வகுபடலியா?"

"இல்ல மாமா."

மாமா பென்சிலை எடுத்து அவரே ஒரு முறை போட்டுப் பார்த்தார். கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று நான் சொன்னது காதில் விழவில்லை. முழுதாகப் போட்டார். ஒன்று மிச்சம் வந்தது.

"எட்டுக்கே அடங்கல" என்றார், தனக்குத்தானே. "அப்ப இது வேற கேஸு."

அம்மா கையை நீட்டிச் சீட்டுக் கட்டை வாங்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிச் சீட்டில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தொண்ணூத்தேழோட நிறுத்திட்டியா?"

"பொஸ்தகத்துல அவ்ளோதாம்மா இருக்கு."

"ம்."

அந்த 'ம்' இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்து மாமாவின் பக்கம் திரும்பி, "பகா எண்தாண்ணா. பொண்ணு சரியாத்தான் போட்டிருக்கா. நான் போறேன்" என்றார். கட்டைக் கொண்டுபோய்க் கைடுக்குள் வைத்தார். மறுநாள் காலையில் தலைமுடி ஊசி பதினொரு பக்கம் தள்ளி இருந்தது.

தேர்வு மையம் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடம். மாமாவும் கூடவே வந்தார். கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி சிதம்பரம் பஸ்ஸுக்கு நடந்தபோது நான் அம்மாவின் முந்தானையை விடவே இல்லை. போன முறை திரும்பிய இடம் அது. ஏறிவிட்டார். ஜன்னலோரம் எனக்கு, நடுவில் அம்மா, ஓரத்தில் மாமா. ஆலப்பாக்கம் தாண்டியதும் மாமா தூங்கிப்போனார். உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

அம்மா கைடைப் பிரிக்கவில்லை. அதிலிருந்து ஒரு ரோஸ் சீட்டை உருவி, கைடின் மேல் வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பஸ் குதித்தபோதெல்லாம் பேனா இழுத்துக்கொண்டு போனது. ஏதோ சூத்திரத்தை எழுதிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது எழுதுவதை நிறுத்தினார். சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அப்பா போனபிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. கணக்கு வந்துடுச்சு."

சீட்டை மடித்துக் கைடுக்குள் வைத்துவிட்டு வெளியே ஆற்றைப் பார்த்தார்.

பள்ளிக்கூட வாசலில் கைடை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. மாமாதான் வாசலிலேயே நின்றுகொண்டு, மணி அடிக்கிற வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தார். "வெளிய வர்றாளா பாரு" என்று என்னையும் தூக்கிக் காட்டினார், பன்னிரண்டு வயதுப் பெண்ணை. வரவில்லை.

அப்புறம் கீழவீதிப் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் போனோம். இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு ஊற்றினார்கள். மாமா சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பாப்பா, ஒங்கப்பா ஓட்டுன லாரி நம்பரும் எட்டுதான்" என்றார் திடீரென்று.

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"எனக்கு மொத நாளே தெரியும். கூட்டிப் பாத்தேன். சொன்னா மச்சான் சிரிப்பாருன்னு சொல்லல. அவுரு எதுக்கெடுத்தாலும் என்னைக் கிண்டல் பண்ணுவாரு." இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதான் இந்த வாட்டி வாய மூடிக்கினு இருக்க முடியல."

"அத வகுத்துப் பாத்தீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"இல்லியே" என்றார். "எனக்குக் கூட்டத்தான தெரியும்."

அதுவரை அந்தப் பத்து நாளும் அவரை அம்மாவின் எதிரி என்று என் மனதில் ஒரு பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். சின்ன வயதில் நான் போட்ட பட்டியல்களில் அதுதான் மோசமானது.

அம்மா தேறினார். நாளிதழில் பொடி எழுத்தில் எண்களாகவே ஒரு பக்கம் வந்தது. மாமா விரலை வைத்து வரி வரியாகத் தேடி, கிடைத்ததும் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். "எங்க பாப்பா போட்ட கணக்கு. பகா எண்ணு. எட்டே கிட்ட வர முடியல." அம்மாவுக்குக் கடலூரில் வேலை. நாங்கள் மாடியறையை விட்டு அங்கே குடிபோனோம். நீங்கள் எல்லோரும் ரயிலடிக்குப் பக்கத்தில் வந்து சாப்பிட்ட வீடு அதுதான்.

இனி நான் யாரிடமும் சொல்லாத பகுதி.

பொறியியல் முதல் வருடத்தில் எழுதிய முதல் உருப்படியான நிரல், ஓர் எண் பகா எண்ணா என்று சொல்வது. சோதிக்க எனக்கு வேறு எந்த எண் தோன்றும்? 2066489 என்று தட்டினேன். திரையில் வந்தது: 'பகு எண். 103 × 20063.' நிரலில் பிழை என்று முடிவு செய்து ஒரு மதியம் முழுக்கத் தேடினேன். பிழை இல்லை. கடைசியில் ஒரு தாளை எடுத்துக் கையால் போட்டேன். முதல் மூன்று இலக்கமே 206, அதாவது நூற்று மூன்றின் இரு மடங்கு. கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. அந்த எண்ணைச் சோதிக்க அதன் வர்க்கமூலம் வரை, 1437 வரை, இருநூற்று இருபத்தேழு பகா எண்களைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் போட்டது இருபத்தைந்து. இன்னும் இரண்டே சீட்டு உருவியிருந்தால், நூற்றொன்று, நூற்று மூன்று, அவ்வளவுதான், அகப்பட்டிருக்கும்.

அன்றைக்கு விடுதித் தொலைபேசியில் அம்மாவிடம் பேசும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் அலுவலகத்தில் ஒரு கோப்பைத் தனியாக முடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. ஒரு பொய்யான நிரூபணத்தின் மேல் நிற்கிற மனுஷியின் காலடியில் இருந்து அதை எதற்கு உருவுவது என்று நினைத்தேன். இப்படிப் பதினான்கு வருடம்.

போன மாதம் கடலூர் வீட்டுக்கு வெள்ளை அடிக்க, பரணில் இருந்ததை எல்லாம் இறக்கினோம். கைடு கிடைத்தது. முதுகு பிரிந்து, பக்கங்கள் அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. உள்ளே இருபத்தைந்து ரோஸ் சீட்டுகள், இப்போது ரோஸே இல்லை. கம்பி ஓட்டையைச் சுற்றித் துரு. சிவப்பு வட்டங்கள் பழுப்பாகிவிட்டன. தொண்ணூற்றேழுச் சீட்டைத் திருப்பினேன். அச்சடித்த பக்கத்தின் ஓரத்தில், வெட்டு நாளுக்கும் ஆலை முத்திரைக்கும் இடையில், அம்மாவின் கையெழுத்தில் இரண்டு வகுத்தல். பேனா அங்கங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது. நூற்றொன்று, மிச்சம் இருபத்தொன்பது. நூற்று மூன்று, மிச்சம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி, என்னைப் போலவே, ஒரு வட்டம்.

அம்மா தரையில் உட்கார்ந்து பழைய புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். சீட்டை அவர் மடியில் வைத்தேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"காலேஜ் மொத வருஷம்."

"பதினாலு வருஷமா சொல்லாம இருந்தியாடி?"

"நீ இருபது வருஷம்."

இருவரும் சிரித்தோம். பிறகு கேட்டேன். "ஹாலுக்குப் போறதுக்கு முன்னாடியே தப்புன்னு தெரிஞ்சிடுச்சே. அப்புறம் எப்படிம்மா உள்ள போன?"

அம்மா ஒரு புடவையை முழுதாக மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எட்டுக்கா நான் பயந்தேன்? எங்கண்ணன் சொன்னது எனக்கு நல்ல சாக்கா இருந்துச்சு. படிப்பு பாதி, உங்கப்பாவோட வாழ்ந்தது பாதி. போன தடவ பஸ் ஸ்டாண்டுல தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதையும் போட்டு முடிக்க எனக்குத் தெரியாதுன்னு தோணிச்சு, வந்துட்டேன்." சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீ தொண்ணூத்தேழோட நிறுத்தியிருந்த பாரு. வர்க்கமூலம் வரைக்கும் போடணும்னு எனக்குத் தெரியும், அதத்தானே படிச்சேன். ஆயிரத்து நானூறு வரைக்கும் யாரு போடறது? சும்மா அடுத்தத போட்டுப் பாப்போம்னு பஸ்ஸுல ஆரம்பிச்சேன். கை தானா ஓடுது. பதிமூணு வருஷம் தொடாத கை. நூத்தி மூணுல கடைசியா முந்நூத்தி ஒம்பது வந்து நிக்குது. மூணு தரம். மிச்சமே இல்ல. பாலத்து மேல எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"சிரிச்ச."

"ஆமா. நீ சரியா போட்டு முடிச்சிருந்தா எனக்குப் போட அதுல கணக்கே இருந்திருக்காது. நான் பரீட்ச எழுதினது பாலத்துலயே முடிஞ்சிடுச்சு. உள்ள போய் சும்மா விடைத்தாள்ல வட்டத்தக் கறுப்பாக்கிட்டு வந்தேன்."

ஆக, என் பட்டியலைத் திருத்திக்கொள்கிறேன். 2066489 பகு எண். இரண்டே இரண்டு பகா எண்களின் பெருக்கம், 103-உம் 20063-உம். இந்த இரண்டுக்குமேல் அதைப் பிரிக்க முடியாது. நானே கையால் சரிபார்த்தேன், இந்த முறை கடைசிவரை.

மாமாவிடம் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஐயோ, வேணாம்" என்றார். மாமாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கண்டக்டர்களிடம் டிக்கெட் மாற்றுவதை எப்போதோ விட்டுவிட்டார். புது வண்டி எடுத்தால் எனக்குப் போன் செய்து, "பாப்பா, இது அந்த மாதிரி நம்பரா பாரு" என்பார். டிரெய்லரின் பின்பலகையில் அந்த ஏழு இலக்கத்தையும் மஞ்சள் பெயின்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். பலர் அதைப் போன் நம்பர் என்று நினைத்துக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

உங்களில் யாராவது அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் போனால், அந்த டிரெய்லரின் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடும். ஹார்ன் அடிக்காதீர்கள், அவர் மெதுவாகத்தான் ஓட்டுவார். மனசுக்குள் நூற்று மூன்றால் வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், சரியாக வரும். அவர் திரும்பிப் பார்த்து, அந்த எண்ணைக் காட்டி, எங்க பாப்பா போட்ட கணக்கு என்று சொன்னால், ஆமாம் என்று சொல்லுங்கள்.